ஜெயித்த கையில் இருந்த தப்பு: ஒரு ஹைப்பர் டர்போ போக்கர் ஆட்டத்தின் ஆய்வு

அந்த ஆட்டத்தில் எனக்குத்தான் முதல் பரிசு. ஒன்பது பேர் மேஜை, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பணயம்) ஏறும் ஹைப்பர் டர்போ, 27 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு பேர் மிச்சமிருந்தபோது ஏஸ்-ராணியை வைத்துக்கொண்டு கையிலிருந்த மொத்த சிப்ஸையும் போட்டுக் கால் செய்தேன் (எதிராளியின் பணயத்துக்கு ஈடு கொடுத்தேன்). என் கை நின்றது. ஆட்டம் என் பக்கம் திரும்பியதும் அந்த ஒரு கையால்தான். பல மாதம் அதை நான் நன்றாக ஆடிய கை என்றே நம்பியிருந்தேன். ஒரு நாள் ஆட்டப் பதிவான கை வரலாற்றைத் திறந்து, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, அன்று நான் செய்த தப்புகளில் பெரியதே அதுதான்.

வேக ஆட்டங்கள் ஆடுகிற பலரும் இதே இடத்தில் இதே தப்பைச் செய்வதைப் பார்க்கிறேன். தோற்றவர்கள் 'துரதிர்ஷ்டம்' என்கிறார்கள், ஜெயித்தவர்கள் 'துணிச்சல்' என்கிறார்கள். இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் இந்த ஒரு ஆட்டத்தை முழுதாகப் பிரித்து வைக்கிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆளுக்கு 1,500 சிப்ஸ், மேஜையில் மொத்தம் 13,500. ஆன்டி (ஒவ்வொரு கைக்கும் எல்லோரும் போடும் சின்னத் தொகை) கிடையாது. பரிசுத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால் முதல் மூன்று இடங்களுக்கு 50, 30, 20. நான்காவது வந்தவருக்கு ஒன்றும் இல்லை. பிளைண்ட் (ஸ்மால்/பிக்) 10/20-இல் தொடங்கி 15/30, 25/50, 50/100, 75/150, 100/200, 150/300, 200/400 என்று ஏறும்.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே ஆட்டத்தின் குணம் தெரிந்துவிடும். தொடக்கத்தில் கையிலிருப்பது 75 பிக் பிளைண்ட். ஒரு சிப்கூட இழக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 12-வது நிமிடத்தில் அது 10 பிக் பிளைண்ட் ஆகிவிடும். ஒன்பது பேர் மேஜையில் ஒரு கை முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும். அதாவது பட்டன் (சீட்டு போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) ஒரு சுற்று வருவதற்குள் பிளைண்ட் இரண்டு, மூன்று படி ஏறிவிடும். ஃப்ளாப் (பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பார்த்து, டர்னில் (நான்காவது சீட்டு) யோசித்து, ரிவரில் (ஐந்தாவது) பிளஃப் செய்யும் ஆட்டமெல்லாம் முதல் பத்து நிமிடத்தோடு சரி. அதற்கப்புறம் எல்லா முடிவும் ஃப்ளாப்புக்கு முன்னால்தான்: ஆல்-இன் (மொத்தத்தையும் தள்ளுவது), கால் (கூப்பிடுவது), ஃபோல்ட் (விட்டுவிடுவது).

அந்த முதல் பத்து நிமிடத்தில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. நல்ல சீட்டு வந்தால் ஆடினேன், இல்லாவிட்டால் விட்டேன். பத்து ஜோடி (கையில் இரண்டு பத்து) ஒருமுறை நின்று சிப்ஸ் இரட்டித்தது. 18-வது நிமிடம், 150/300 தொடங்கும்போது நான்கு பேர் இருந்தோம்.

ஏஸ்-ராணி

நான்கு பேரையும் சிப்ஸ் வரிசைப்படியே அழைக்கிறேன். முதலாமவரிடம் 5,700, இரண்டாமவரிடம் 3,600, மூன்றாவதாக நான் 3,000, நான்காமவரிடம் 1,200. உட்கார்ந்திருந்த வரிசை: முதலாமவர், அவருக்கு இடப்பக்கம் நான், எனக்கு அடுத்து நான்காமவர், அப்புறம் இரண்டாமவர்.

அந்தக் கையில் முதலாமவர் ஸ்மால் பிளைண்ட், நான் பிக் பிளைண்ட். நான்காமவர் ஃபோல்ட். பட்டனிலிருந்த இரண்டாமவர் ஃபோல்ட். முதலாமவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆல்-இன். எனக்கு ஹார்ட்டின் ஏஸ், கிளாவர் ராணி.

முடிவெடுக்க 12 நொடி. மேலே ஓரத்தில் அடுத்த லெவலுக்கான கடிகாரம், இன்னும் 20 நொடி என்று காட்டிக்கொண்டிருந்தது. அப்போது என் மனதில் ஓடியது இதுதான்: 'இவர் எதை வைத்தும் தள்ளுவார். ஏஸ்-ராணி அதைவிடக் கட்டாயம் நல்ல கை. இப்போது விட்டால் 2,700, அடுத்த லெவலில் அது ஏழு பிளைண்டுகூட இல்லை. இதைவிட நல்ல சீட்டுக்குக் காத்திருக்க நேரம் எங்கே?' பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அவர் ராஜா-7 காட்டினார், வேறு வேறு பூ (ஹார்ட், கிளாவர் போன்ற இனம்). மேஜையில் விழுந்தவை 9-4-2, 4, ஜாக்கி, யாருக்கும் உதவவில்லை. 6,000 சிப்ஸ் என்னிடம் வந்தது.

மேலே சொன்ன நான்கு வாக்கியமும் தனித்தனியாக உண்மைதான். அவர் எதை வைத்தும் தள்ளுவார், சரி. என் கை அதைவிட நல்லது, சரி. லெவல் ஏறும், அதுவும் சரி. நான்கையும் சேர்த்து எட்டிய முடிவுதான் தப்பு.

சிப்ஸ் கணக்கும் பரிசுக் கணக்கும்

சிப்ஸை மட்டும் பார்த்தால் விஷயம் எளிது. இன்னும் 2,700 போட வேண்டும், ஜெயித்தால் 6,000. 2,700-ஐ 6,000-ஆல் வகுத்தால் 45 சதவீதம். நூற்றுக்கு 45 முறைக்கு மேல் ஜெயித்தால் கால் லாபம். கண்ணை மூடி எடுத்த ஏதோ இரண்டு சீட்டுக்கு எதிராக ஏஸ்-ராணி, வேறு பூவாக இருந்தாலும், ஏறக்குறைய 64 சதவீதம் ஜெயிக்கும். 45 எங்கே, 64 எங்கே! பொத்தானை அழுத்தாமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஆனால் மேஜையில் கடைசியாகக் கொடுப்பது சிப்ஸ் அல்ல, 50-30-20 பரிசு. சிப்ஸைப் பரிசாக மாற்றிப் பார்க்கும் கணக்குக்கு ஐசிஎம் (Independent Chip Model) என்று பெயர். அடிப்படைச் சூத்திரம் 1973-இல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் பந்தயங்களில் யார் எந்த இடத்தில் வருவார் என்று கணிக்க எழுதியது. 1980-களில் மேசன் மால்மத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். யோசனை எளிதானது. முதலிடம் வரும் வாய்ப்பு உங்கள் சிப்ஸ் பங்குக்குச் சமம். இரண்டாமிடத்துக்கு, ஜெயித்தவரை எடுத்துவிட்டு மிச்சமுள்ள சிப்ஸில் உங்கள் பங்கு என்ன என்று பார்க்க வேண்டும். மூன்றாமிடத்துக்கும் அப்படியே. கையால் போட்டால் பத்து நிமிடம் ஆகும். ஒருமுறையாவது கையால் போடுங்கள் என்பேன், மென்பொருள் தரும் எண் மனதில் ஒட்டுவதில்லை.

அந்தக் கை தொடங்கும்போது என்னிடமிருந்த 3,000-க்கு முதலிடம் வரும் வாய்ப்பு 22.2 சதவீதம், இரண்டாமிடம் 26.5, மூன்றாமிடம் 31.7, வெறுங்கையோடு போக 19.6. பரிசில் பெருக்கிக் கூட்டினால் 25.4. சிப்ஸில் 22 பங்குதான், பரிசில் 25 பங்கு. சின்ன, நடுத்தர ஸ்டாக்குகள் (ஒருவர் கையிலிருக்கும் சிப்ஸ்) எப்போதும் இப்படித் தங்கள் எடைக்கு மேலே மதிப்பு பெறும். பெரிய ஸ்டாக்குக்குத் தலைகீழ்.

இப்போது முடிவுக்கு வருவோம். ஃபோல்ட் செய்தால் என்னிடம் 2,700, மதிப்பு 24.1. கால் செய்து ஜெயித்தால் 6,000, மதிப்பு 35.4. தோற்றால் பூஜ்யம். சிப்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் மதிப்பு ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. 24-ஐப் பணயம் வைத்து 11 சம்பாதிக்கும் பேரம் அது. அதற்கு 68.2 சதவீதம் ஜெயிக்க வேண்டும். என்னிடம் இருந்தது 64.

68 என்ற எண்ணை முதலில் பார்த்தபோது எங்கோ தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன். மாறவில்லை. எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கையையும் தள்ளுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரே பூவில் ஏஸ்-ராஜா 67 சதவீதம்தான், வேறு பூ என்றால் 65. ஏழு ஜோடி 66. கோட்டைத் தாண்டும் முதல் கை எட்டு ஜோடி, 69. அதாவது எட்டு ஜோடியும் அதற்கு மேலும், அவ்வளவுதான் கால். இரண்டு சீட்டுக்கு மொத்தமுள்ள 1,326 சேர்க்கைகளில் 42. ஏஸ்-ராஜாவை ஃபோல்ட் செய்ய வேண்டும் என்றால் யாருக்கும் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது.

எல்லாக் கையையும் தள்ளுகிறார் என்பது எனக்குச் சாதகமான அனுமானம். அப்போதே 24.1-ஐ விட்டு 22.8-ஐ எடுத்திருக்கிறேன், 1.3 நஷ்டம். அவர் கொஞ்சம் பொறுக்கித் தள்ளுபவராக இருந்து என் வாய்ப்பு 61 ஆகக் குறைந்தால் நஷ்டம் 2.5.

அந்த நஷ்டம் யாருக்குப் போனது என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. நான்காமவரைப் பாருங்கள். நான் ஃபோல்ட் செய்திருந்தால் அவருடைய 1,200-க்கு மதிப்பு 12.3. நான் கால் செய்து தோற்றிருந்தால், அவர் ஒரு சிப்கூடத் தொடாமல் பரிசு வட்டத்துக்குள் வந்துவிடுவார், மதிப்பு 24.6. சரியாக இரட்டிப்பு. சீட்டு திறக்கும் முன்பே, நான் கால் பொத்தானை அழுத்திய அந்த நொடியிலேயே, அவருக்குச் சராசரியாக நான்கு புள்ளிக்கு மேல் கூடியது. நானும் முதலாமவரும் மோதிக்கொண்டதில் லாபம் பார்த்தவர், ஏற்கெனவே ஃபோல்ட் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்.

அந்தக் கையில் நன்றாக ஆடியவர் தோற்றுப்போன முதலாமவர்தான். தோற்றாலும் வெளியேறாத ஒரே ஆள் அவர். என்னைப் போன்ற ஒருவர் 42 சேர்க்கைகளை வைத்துத்தான் கால் செய்ய முடியும் என்றால், அவர் 7-2 வைத்தும் தள்ளலாம்.

கடிகாரம் யாரை முதலில் கடிக்கும்

'கணக்கெல்லாம் சரி, ஆனால் இது ஹைப்பர் டர்போ, காத்திருக்க நேரமில்லையே' என்ற கேள்வி வரும். அன்று என்னைத் தள்ளியதும் அதே எண்ணம்தான். ஐசிஎம் கணக்குக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. யார் அடுத்த பிக் பிளைண்ட், லெவல் எப்போது ஏறும் என்று அதற்குத் தெரியாது.

சரி, கடிகாரத்தையும் சேர்த்துப் பார்ப்போம். பால் மாக்ரில் என்ற பேக்கமன் ஆட்டக்காரர் பெயரில் எம் என்று ஓர் அளவு உண்டு: உங்கள் ஸ்டாக்கை ஒரு சுற்றுக்கு ஆகும் செலவால் வகுத்தால் எத்தனை சுற்று தாங்குவீர்கள் என்று தெரியும். 3,000-ஐ 450-ஆல் வகுத்தால் 6.7 சுற்று. ஃபோல்ட் செய்துவிட்டு அடுத்த லெவலுக்குப் போனால் 2,700-ஐ 600-ஆல் வகுக்க வேண்டும், 4.5. ஒரே நிமிடத்தில் இவ்வளவு சரிவு. பயம் நியாயமானதுதான்.

ஆனால் அதே கடிகாரம் நான்காமவர் தலைக்கு மேலேயும் ஓடியது, அவருடைய எம் 2 ஆகப் போகிறது. அதைவிட முக்கியம், அடுத்த கையில் பிக் பிளைண்ட் அவர். 1,200-இல் 400 கட்டாயமாக உள்ளே போகும். எனக்கோ அந்தக் கையில் 200, அப்புறம் பட்டன், அதற்கடுத்து முதலில் பேசும் இடம், மறுபடி பிக் பிளைண்ட் வர நான்கு கை இருந்தது. ஆறு, ஏழு பிளைண்ட் வைத்திருப்பவர் தள்ளினால் இன்னும் மதிப்பு உண்டு. மூன்று பிளைண்ட் வைத்திருப்பவர் தள்ளினால் பிக் பிளைண்ட் இன்னும் 2 போட்டு 4.5-ஐ எடுக்கப் பார்ப்பார், 31 சதவீதம் ஜெயித்தால் போதும், சிப்ஸ் கணக்கில் ஏறக்குறைய எதை வைத்தும் கூப்பிடலாம். நான்காமவர் அந்த நிலைக்கு வந்துவிட்டிருந்தார்.

வேக ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான். 'நேரம் இல்லை' என்று தோன்றும்போது, யாருக்கு நேரம் இல்லை என்று கேட்க வேண்டும். பிளைண்ட் எல்லோரையும் கடிக்கும், ஆனால் வரிசையாகத்தான் கடிக்கும்.

உண்மையில் நடந்ததையும் சொல்கிறேன். அடுத்த கை, 200/400. முதலில் பேச வேண்டிய இரண்டாமவர் ஃபோல்ட், பட்டனில் முதலாமவர் ஃபோல்ட், ஸ்மால் பிளைண்டில் நான் ஆல்-இன். நான்காமவர் ஜாக்கி-6 வைத்துக் கூப்பிட்டார், வேறு வழியும் அவருக்கு இல்லை. தோற்று வெளியேறினார். அந்த இடத்தில் என்னிடம் 6,000-க்குப் பதிலாக 2,700 இருந்திருந்தாலும் இதே ஆல்-இன் போட்டிருப்பேன், அதிகபட்சம் 1,200 பணயத்தில். ஏஸ்-ராணியை விட்டிருந்தால் ஒரு கை பொறுத்தாலே போதுமாக இருந்திருக்கும்.

மூன்று பேர் ஆனதும் எல்லாம் வேகமாக முடிந்தது. முதலாமவர் மூன்றாவது வந்தார். இருவர் மட்டும் மிஞ்சியபின் ஐசிஎம் சுமை இல்லை, 30 உறுதி, மிச்ச 20-க்குச் சிப்ஸ் கணக்கே பரிசுக் கணக்கு. அங்கே ஏஸ்-ராணியை யோசிக்காமல் கூப்பிடலாம். பரிசு இன்னும் வெகு தூரத்தில் இருக்கும் பெரிய ஆட்டங்களின் தொடக்கத்திலும் அந்த 45 சதவீதக் கணக்கை ஒட்டித்தான் ஆட வேண்டும். மறுபக்கம், ஜெயித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பரிசு தரும் சாட்டிலைட்டில் ஏஸ் ஜோடியையே விட வேண்டிய இடங்கள் உண்டு. ஆகவே 'ஏஸ்-ராணி நல்ல கையா' என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே இல்லை.

இரண்டு கைக்கு முன்னால் விட்ட ஏஸ்-9

கை வரலாற்றில் இன்னொரு பக்கமும் கண்ணில் பட்டது. இரண்டு கைக்கு முன்னால் நான் பட்டனில் இருந்தேன், 3,000. முதலாமவர் ஃபோல்ட். ஸ்மால் பிளைண்டில் நான்காமவர் (அப்போது 1,350), பிக் பிளைண்டில் இரண்டாமவர் (3,600). எனக்கு ஸ்பேடில் ஏஸ்-9. 'பரிசுக்கு ஒரு படிதான், இப்போது எதற்கு வம்பு' என்று ஃபோல்ட் செய்தேன்.

ஃபோல்டின் மதிப்பு 25.3. தள்ளி, இருவரும் விட்டிருந்தால் 3,450 சிப்ஸ், 27.3. நான்காமவர் மட்டும் கூப்பிட்டு நான் ஜெயித்தால் 33.9, தோற்றால் 15.5. இரண்டாமவர் கூப்பிட்டு ஜெயித்தால் 37.1, தோற்றால் பூஜ்யம். இரண்டாமவர் பக்கமிருந்து பாருங்கள்: என்னைக் கூப்பிட அவருக்கு 59 சதவீதம் வேண்டும், சின்ன ஸ்டாக் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அவரும் என் அளவு சிப்ஸ் உள்ள ஒருவரோடு மோத விரும்பமாட்டார். நான்காமவர் நான்கில் ஒரு முறையும் இரண்டாமவர் பத்தில் ஒரு முறையும் கூப்பிடுவார்கள் என்று தோராயமாக வைத்தால் தள்ளுவதன் மதிப்பு 25.7 வருகிறது. 0.4 லாபம். சின்ன லாபம்தான், ஆனால் இந்த வகை லாபங்களை அள்ளித்தான் வேக ஆட்டத்தில் ஸ்டாக் வளரும்.

பாருங்கள், ஒரு புள்ளி பெறாத ஏஸ்-9-ஐப் பயந்து விட்டேன். விட்ட எரிச்சல் இரண்டு கை கழித்து ஏஸ்-ராணியில் வெளியே வந்தது. அந்த 12 நொடியில் 'மறுபடியும் விடுவதா' என்று ஒரு குரல் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தள்ளும் இடத்தில் முதல் முடிவு என்னுடையது, எதிராளி விட்டுவிடுவார் என்ற இரண்டாவது வழி கூடவே வருகிறது. கூப்பிடும் இடத்தில் அந்த வழி இல்லை, சீட்டு ஒன்றுதான் துணை. நான் இரண்டையும் மாற்றி வைத்து ஆடியிருக்கிறேன்.

இந்த 0.4 எதில் தொங்குகிறது என்று அனுமானங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நான்காமவர் பாதி நேரம் கூப்பிட்டாலும் ஏறக்குறைய அதே எண்தான், ஏனென்றால் தோற்றாலும் நான் உயிரோடு இருப்பேன். இரண்டாமவர் பத்தில் மூன்று முறை கூப்பிடுபவராக இருந்தால் மட்டும் மதிப்பு 24.5-ஐ ஒட்டி இறங்கி, ஃபோல்ட்தான் சரி என்றாகிவிடுகிறது. ஆக, அந்த முடிவுக்கு ஒரே கேள்வி: இரண்டாமவர் எப்படிப்பட்டவர்? வரலாற்றைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து பேர் இருந்தபோது அவருடைய பிக் பிளைண்டில் இரண்டு முறை வேறொருவர் தள்ளியிருக்கிறார், இரண்டு முறையும் விட்டிருக்கிறார். நடுவில் ஒரு கையில் ஸ்மால் பிளைண்டையே பேசாமல் விட்டுக்கொடுத்திருக்கிறார். தகவல் எல்லாம் கண் முன்னால் நடந்தது. நான் என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐந்து பேர் ஆனவுடன் ஒரு வேலை செய்கிறேன். சீட்டு விழுவதற்கு முன்பே, இந்தக் கையில் என்னை வெளியேற்றக்கூடியவர் யார், எனக்கு முன்னால் போகப்போகிறவர் யார் என்று இரண்டு பெயரைத் தீர்மானித்துவிடுகிறேன். 12 நொடியில் 68 சதவீதம் என்று யாராலும் கணக்குப் போட முடியாது, ஆனால் இதே மாதிரி அமைப்புகளை வீட்டில் நூறு முறை போட்டுப் பார்த்திருந்தால் அறுபதா எழுபதா என்று கைக்குத் தெரிந்துவிடும். கணக்கு மென்பொருளை ஆட்டம் முடிந்தபின் மட்டும் திறக்க வேண்டும், நடுவே திறப்பதைப் பெரும்பாலான தளங்கள் தடை செய்திருக்கின்றன, அது நியாயமும்கூட.

போன வாரம் ஏறக்குறைய இதே அமைப்பு வந்தது. நான்கு பேர், ஸ்மால் பிளைண்டில் பெரிய ஸ்டாக் ஆல்-இன், பிக் பிளைண்டில் எனக்கு ஏழு ஜோடி. விட்டேன். அடுத்த கையில் சின்ன ஸ்டாக் இரட்டித்து என்னைத் தாண்டியது, மூன்று கை கழித்து நான்காவதாக வெளியேறினேன். இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்: தேவை 69, என்னிடம் இருந்தது 66.